சாம்பல் பச்சைக் காரின் கூரை

என் அண்ணி ஒரு பெயிண்டர். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருஷமாக எங்கள் பட்டறையில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன், கோபமாகத்தான் சொல்வேன். பட்டறையில் எனக்குப் ‘பட்டாசு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை. அண்ணன் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். நானும் அண்ணியும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம்: இடிபட்ட கார்களை நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, புதுசு போலத் திருப்பிக் கொடுக்கும் பட்டறை. முன்னால் வரவேற்பு மேசையில் நான். பின்னால் பெயிண்ட் செக்‌ஷனில் அண்ணி. நாத்தனார் அண்ணிக்கு வக்காலத்து வாங்குவதா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும்.

அண்ணி அங்கே சேர்ந்தது காகிதம் ஒட்டுவதற்கு. பெயிண்ட் படக்கூடாத கண்ணாடி, விளக்கு, ரப்பர் எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளாலும் டேப்பாலும் மூட வேண்டும். தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்க்க வேண்டும். தூசி எழும்பாமல் தரையை நனைத்துவைக்க வேண்டும். மூன்றாம் வருஷமே நிறம் கலக்க ஆரம்பித்துவிட்டார். கலக்கும் மெஷினில் காரின் நிற எண்ணைத் தட்டினால் எந்த டப்பாவிலிருந்து எத்தனை கிராம் என்று அதுவே சொல்லும். ஆனால் அது சொல்வது ஷோரூமில் நிற்கும் காரின் நிறம். எட்டு வருஷம் வெயில் குடித்த காருக்கு அதை அடித்தால் அந்தக் கதவு மட்டும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். அண்ணி காரை வாசலுக்குத் தள்ளச் சொல்வார். ஒரு சுற்று வருவார். ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு உள்ளே போய் மஞ்சளில் இரண்டு சொட்டு, கறுப்பில் அரைச் சொட்டு. அவ்வளவுதான். இடிபட்டது எந்தக் கதவு என்று வண்டிக்காரரே குனிந்து குனிந்து தேடுவார்.

தேடி முடித்துவிட்டு யாருக்குக் கை கொடுப்பார்? பெரிய பெயிண்டருக்கு. பெயிண்ட் பீய்ச்சும் கன் அவர் கையில் இருக்கிறது, முகமூடி அவர் கழுத்தில் தொங்குகிறது, கை கொடுக்க வேறு யார்? அவரும் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொள்வார். அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும் நாட்களில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே கன் பிடித்தது அண்ணிதான் என்பது செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரியும். கதவு திறக்கும்போது கன் மறுபடி அவர் கைக்குப் போயிருக்கும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் முதலாளி அடையாள அட்டை அச்சடிக்கும் மெஷின் ஒன்றை வாங்கி என் மேசையில் வைத்தார். அதற்கு முன் வெறும் காகிதத்தை உறை போட்டுத் தருவார்கள். இப்போது பிளாஸ்டிக் கார்டு, மேலே பளபளவென்று ஒரு மெல்லிய படலம், கலர் போட்டோ. ஒவ்வொரு ஜனவரியிலும் பழைய கார்டை வாங்கிக்கொண்டு புதுக் கார்டு கொடுக்க வேண்டியது என் வேலை. மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க நான் முதன்முதலாக அச்சடித்தது அண்ணியின் கார்டைத்தான். ‘பதவி’ என்ற இடத்தில் முதலாளியின் பட்டியலில் இருந்தபடி ‘உதவியாளர்’ என்று அடித்தேன். அடுத்த வருஷமும் அதையே அடித்தேன். அதற்கடுத்த வருஷம் பழைய ஃபைலைத் திறந்து வருஷத்தை மட்டும் மாற்றினேன். என் கை வலிக்கவில்லை.

அண்ணி இரண்டு முறை முதலாளியிடம் கேட்டார். முதல் தடவை அவர் சிரித்தார். “பேரு எதுவா இருந்தா என்னம்மா, வேலை ஒண்ணுதானே?” என்றார். பேர் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான் என்றால் அவர் அறைக் கதவில் பித்தளையில் ‘நிர்வாக இயக்குநர்’ என்று எதற்குத் தொங்குகிறதாம்? இரண்டாம் தடவை, “கன் பிடிக்கிறவங்கதாம்மா பெயிண்டர்” என்றார். கன்னைக் கொடுத்தால்தானே பிடிப்பது!

இப்போது சின்னக் கார்களுக்கு வருகிறேன். கலந்த நிறம் சரிதானா என்று பார்க்க எல்லாப் பட்டறைகளிலும் ஒரு தட்டை அட்டையில் அடித்துப் பார்ப்பார்கள். அண்ணிக்கு அது போதவில்லை. மினுக்கு பெயிண்ட் தட்டையில் ஒரு மாதிரியும் வளைவில் வேறு மாதிரியும் தெரியும். காரில் தட்டை ஏது, எல்லாம் வளைவுதானே என்பது அவர் வாதம். அதனால் ஒரு பிளாஸ்டிக் துண்டை வெந்நீரில் முக்கி, மரக்கட்டைமேல் வைத்து அழுத்தி, உள்ளங்கை அளவுக்கு ஒரு பானெட் செய்து அதன்மேல் அடித்துப் பார்த்தார். பானெட்டுக்குப் பிறகு கதவு வந்தது. கதவுக்குப் பிறகு கூரை. ஒரு நாள் பார்த்தால் எங்கள் சமையலறை ஜன்னலில் முழுசாக ஒரு கார் நிற்கிறது.

“என்ன அண்ணி, விளையாட ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று கேட்டவள் நான்தான். அந்த வாய்க்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அது பொம்மை இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் பட்டறையில் நிற்கும் நிஜக் காரை டேப் வைத்து அளந்து, ஒவ்வொரு அளவையும் இருபத்து நான்கால் வகுத்து, நோட்டில் எழுதிவைத்துச் செய்வது. உடம்புக்கு வேண்டிய பிளாஸ்டிக் என் மேசையிலிருந்து போயிற்று. ஜனவரியில் திரும்பி வரும் பழைய கார்டுகளை நான் குப்பையில் போடப்போக, “ஏய், அத எங்கிட்ட குடு. நல்ல பிளாஸ்டிக்” என்று பையோடு வாங்கிக்கொண்டார். முக்கால் மில்லிமீட்டர் கனம். பிளேடால் இரண்டு முறை கீறி மடக்கினால் கோடு பிசகாமல் உடையும். இரண்டை ஒட்டி உப்புத்தாளால் உருட்டித் தேய்த்தால் மட்கார்டின் வளைவு வரும். அண்ணன் தன் பங்குக்குச் சாமணத்தையும் கண்ணில் செருகும் லென்ஸையும் மயிரிழைத் துளை போடும் கைத்துளைப்பானையும் கொடுத்தார். உடைந்த ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரைக் கழற்றி, பெயிண்ட் பீய்ச்சும் சின்ன கன்னுக்குக் காற்று வரப் பண்ணினார். பெண்கள் கைக்கடிகாரத்தின் சின்ன வட்டக் கண்ணாடிகள் ஹெட்லைட் ஆயின. அண்ணி பெயிண்ட் அடிக்கப் போகும் நாளில் குளியலறைச் சுவரெல்லாம் தண்ணீர் ஊற்றித் தூசியை அடக்கிவிட்டு உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொள்வார். ஒன்றரை மணி நேரத்துக்கு வீட்டில் யாருக்கும் எந்த அவசரமும் வரக்கூடாது. அண்ணன் பாவம், பக்கத்து வீட்டுக்காரரோடு நட்பை வளர்த்துக்கொண்டதே அதற்காகத்தான் என்பது என் சந்தேகம்.

சறுக்கல்களும் உண்டு. சீக்கிரம் பிடிக்கும் பசையால் ஜன்னல் கண்ணாடிகளை ஒட்டி, அதன் ஆவியில் கண்ணாடியெல்லாம் வெளுத்துப் பூத்துப்போய், ஒரு காரைத் தூக்கிப் போட்டார். பெரிய தலைவலி மினுக்கு பெயிண்ட். நிஜக் காருக்கு அடிப்பதை அப்படியே சின்னக் காருக்கு அடித்தால் மணலைக் கொட்டிய மாதிரி இருக்கும். கார் சின்னதாகிவிட்டது, பெயிண்டில் இருக்கும் மினுக்குத் தூள் சின்னதாகவில்லையே. அண்ணி மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் பெயிண்டைத் தின்னரில் நீர்க்கக் கலந்து, அசைக்காமல் ஒரு நாள் வைத்து, பருமனான தூள் அடியில் தங்கியபின் மேலே மிதக்கும் மெல்லிசை மட்டும் சொட்டுக்குழாயால் எடுத்து, நைலான் காலுறையில் வடிகட்டினார். அந்தப் பெயிண்டை அடித்த காரைப் படம் எடுத்தால் நிஜக் காரா சின்னக் காரா என்று சொல்ல முடியாது. இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் பட்டறைக்கு இருபத்தைந்து வயது. முதலாளிக்கு ஒரு ஆசை வந்தது. அவருடைய அப்பா முதன்முதலில் பழுது பார்த்து ஓட்டிய கார் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது; அதைச் சின்னதாகச் செய்து வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். விழாவுக்குக் கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவார்கள். அதே சமயம் இன்னொன்றும் சொன்னார்: பின்னால் கட்டிக்கொண்டிருக்கும் புது ஹாலுக்கு ஒரு பெயிண்டர் வேண்டும், இந்தச் சின்னக் காரைச் செய்யும் கையைப் பார்த்து அந்த இடத்தைக் கொடுப்பேன். அடுத்த வருஷத்திலிருந்து சான்றிதழ் படிப்பு முடித்தவர்களுக்கு மட்டும்தான் பெயிண்டர் வேலை. அண்ணிக்கு நாற்பத்தேழு வயது. இது தப்பினால் வேலையை விட்டு வீட்டுக்குப் போகும் நாள்வரை அவர் உதவியாளர்தான்.

இதையெல்லாம் முதலாளி சொன்னது பெரிய பெயிண்டரிடம். செக்‌ஷனுக்குள் எது போனாலும் வந்தாலும் அவர் வழியாகத்தான். அவர் அண்ணியைக் கூப்பிட்டு, “நீதான் வீட்ல செய்றியேம்மா, செஞ்சு குடு. நான் பேசிக்கிறேன்” என்றார். அண்ணி அன்று வீட்டுக்கு வந்து பிளேடுகளையெல்லாம் மாற்றிப் புதுசு போட்டார். சந்தோஷம் வந்தால் அவர் செய்வது அதுதான்.

இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. காரின் நிறம் யாருக்கும் தெரியாது. முதலாளி நீலம் என்றார், நிச்சயமில்லை என்றும் அவரே சொன்னார். அந்தக் காரில் மிஞ்சியது பெட்ரோல் போடும் வாயை மூடும் சின்னத் தகடு ஒன்றுதான். அது முதலாளியின் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருந்தது. அண்ணி அதைப் பெரிய பெயிண்டர் மூலமாகக் கேட்டு வாங்கினார். எங்கள் பட்டறையில் ஒரு வண்டிக்கு எத்தனை முறை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஓரிடத்தில் காசளவுக்கு உப்புத்தாளால் தேய்த்தால் மேலே அடித்தது விலகி அடியில் இருப்பது தெரியும், அதற்கும் அடியில் இருப்பது நடுவில் தெரியும். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினது போல வளையம் வளையமாக எண்ணிவிடலாம். தகட்டை அப்படித் தேய்த்தார். மேலே நீலம், அடியில் சிவப்பு, நடுவில் மினுக்கோடு சாம்பல் பச்சை.

அந்தச் சாம்பல் பச்சையில் அண்ணி அடித்துக் கொடுத்த துண்டைப் பெரிய பெயிண்டர் முதலாளியிடம் காட்டியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று பெரிய பெயிண்டரைக் கேட்டாராம். அவர், “அனுபவம் சார்” என்றாராம்! இதை அவரே வந்து எங்களிடம் பெருமையாகச் சொன்னார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான்கு மாதம். அண்ணி ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை, ஒரு துக்கத்துக்கு அரை நாளில் போய்த் திரும்பினார். கார் முடிந்து, விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்துப் பெரிய பெயிண்டர் கையில் கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்றேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ம்ம், பரவாயில்ல” என்றார்.

விழா அன்று காலை ஒன்பதரைக்கு என் மேசைக்கு ஒரு துண்டுச்சீட்டு வந்தது, கண்ணாடிப் பெட்டியில் ஒட்ட வேண்டிய வாசகத்தை அச்சடிக்கச் சொல்லி. காரின் வருஷம், அளவு, முதலாளியின் அப்பா பெயர். கடைசி வரியில் ‘வடிவமைத்துச் செய்தவர்’ என்று போட்டு, பெரிய பெயிண்டரின் மருமகன் பெயர். மகளைக் கட்டிய மருமகன். செக்‌ஷனில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பசைக் குழாயின் மூடி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத ஆள்.

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. சீட்டைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி அறைக்கு நடக்கவில்லை, ஓடினேன். “சார், இது அநியாயம். அந்தக் காரை என் அண்ணி செஞ்சாங்க. எங்க வீட்ல செஞ்சாங்க. என் கண்ணு முன்னால செஞ்சாங்க” என்று கத்தினேன்.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சாம்பல் பச்சைக் கார். பெரிய பெயிண்டரைக் கூப்பிட்டார். அவர் மருமகனோடு வந்தார். அண்ணியும் கையில் உப்புத்தாளோடு, ஈரக் கையோடு அப்படியே வந்தார்.

“சார், நாலு மாசமா என் மாப்பிள்ளைதான் செய்றாருன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே இருந்தேன்?” என்றார் பெரிய பெயிண்டர். நான்கு மாதமாக! எங்களிடம் ஒரு முகம், மாடியில் ஒரு முகம்.

“அளவு எழுதின நோட்டு அண்ணிகிட்ட இருக்கு சார், அவங்க கையெழுத்து” என்றேன்.

“நாங்க அளந்து சொன்னோம், அந்தம்மா எழுதிக்கிச்சு. உதவியாளருன்னா அதுதானே வேலை?”

“பெயிண்ட் அவங்க கலந்தது!”

“கலந்து குடுத்திருக்கும். யாரு இல்லன்னா? அதுவும் உதவிதானே?”

எதைச் சொன்னாலும் அந்த ஒரு வார்த்தைக்குள் போட்டு மூடிவிட்டார். முதலாளி என்னைப் பார்க்கவில்லை. அண்ணியின் கழுத்தில் தொங்கிய கார்டைப் பார்த்தார்.

“ஏம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. இருபத்தஞ்சு வருஷமா இருக்கற மனுஷன் பொய் சொல்வாரா? இவங்க நல்லா உதவி பண்ணியிருப்பாங்க, நான் மறுக்கல. ஆனா இவங்க கார்டுல என்ன போட்டிருக்கு, படிங்க. உதவியாளர் எப்படி இந்த வேலையச் செய்ய முடியும்?”

அந்தக் கார்டை அடித்தவளிடம் கேட்கிறார், படி என்று! கசங்கிய சீட்டை என் மேசையில் வீசினேன்.

அண்ணி மருமகனைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. “தம்பி, இந்தக் கூரை எதுல செஞ்சது?” என்றார்.

மருமகன் மாமனாரைப் பார்த்தார். “பிளாஸ்டிக் ஷீட்... கடையில வாங்கினது” என்றார்.

அண்ணி தலையை ஆட்டினார். பெட்டியின் மூடியைத் தூக்கினார். காரை வெளியே எடுத்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். என் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரில் உப்புத்தாளை முக்கினார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று பட்டறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

“அண்ணி, வேண்டாம்!” என்றேன். “நாலு மாசம் அண்ணி!”

அவர் காதில் வாங்கவில்லை. கூரையின் நடுவில் விரலை வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். பளபளப்பு மங்கியது. சாம்பல் பச்சை கலங்கித் தண்ணீரில் வழிந்தது. பிறகு அடிப்பூச்சான பிரைமரின் சாம்பல் நிறம். தாள் உரசும் சத்தம் கேட்டது. முதலாளி, “என்னம்மா பண்றீங்க?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திவிட்டார். சாம்பலுக்கு நடுவில் வெள்ளை தெரிந்தது. அண்ணி தாளைக் கீழே வைத்தார். ஈர விரலால் அந்த இடத்தை ஒரு துடைப்புத் துடைத்தார். தண்ணீர் பட்டதும் மங்கல் விலகியது. படலத்துக்கு அடியில் அச்சு அப்படியே இருந்தது.

“படிங்க சார்” என்று நீட்டினார்.

முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். காசளவு வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் பாதி முகம், நரைக்காத தலைமுடி. பக்கத்தில் ஒரு வருஷம், பதினோரு வருஷத்துக்கு முந்தையது. அதற்குக் கீழே ‘உதவியாளர்’.

நான் அச்சடித்த முதல் கார்டு.

பெரிய பெயிண்டர் ஒரு அடி முன்னால் வந்தார். “அந்தம்மாதான் கார்டக் குடுத்திருக்கும் சார், மாப்பிள்ளைக்கு...” என்று இழுத்தார்.

“நான் செய்யல சார்” என்றார் மருமகன், தரையைப் பார்த்துக்கொண்டே. “மாமாதான் சொல்லச் சொன்னார்.”

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? ‘தப்பு பண்ணிட்டேம்மா’ என்று ஒரு வார்த்தை, வேறொன்றும் வேண்டாம். முதலாளி என்ன செய்தார் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்தார்! “சரி சரி, இதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நாலு மணிக்கு ஆளுங்க வர்றாங்க. ஏம்மா, அந்த எடத்துல பெயிண்ட் அடிச்சு மூடிடுங்க, சீக்கிரம்” என்றார்.

அண்ணி காரை மேசைமேல் வைத்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அது பெயிண்டர் வேலை சார். நான் உதவியாளர்” என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்டுவந்த வண்டிக்குக் காகிதம் ஒட்டப் போய்விட்டார்.

பெரிய பெயிண்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. “காசளவு எடம், இதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?” என்று மருமகனையும் காரையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பச்சைக்கு அண்ணி மெஷினில் பதிந்துவைத்திருந்த கணக்கைத் தட்டி, அதே பெயிண்டைக் கலந்து, இருபத்தைந்து வருஷ அனுபவத்தோடு கன்னை எடுத்து, நேராக அடித்தார். ஒரு மணிக்குக் கார் என் மேசைக்கு வந்தது. கூரை முழுக்க மணல். சாம்பல் பச்சை மணல். காரில் மற்ற இடமெல்லாம் பட்டு மாதிரி வழுக்க, கூரையில் மட்டும் ஒவ்வொரு மினுக்கும் கடுகு கடுகாகத் துருத்திக்கொண்டு நின்றது. அவர் அதைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் மணல். மூன்றாம் தடவை தின்னரை அதிகமாக்கினார். மணல் வழிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு நின்று பார்த்தேன். சிரித்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு மணிக்கு முதலாளி பெயிண்ட் செக்‌ஷனுக்கே இறங்கி வந்தார். அவர் அங்கே கால் வைத்து எத்தனை வருஷம் ஆயிற்றோ, ஈரத் தரையில் பளபள ஷூ வழுக்கியது.

“ஏம்மா, கோபத்த விடுங்க. மூடிக் குடுங்க” என்றார்.

அண்ணி டேப்பைக் கிழித்து ஒட்டிக்கொண்டே சொன்னார். “முதல்ல கார்டு சார். அப்புறம் கூரை.”

முதலாளி என்னைப் பார்த்தார். கையால், போ, அடி என்பது போல ஒரு சைகை காட்டினார். புது ஹாலா, எந்தத் தேதியிலிருந்து என்று அங்கேயே, எல்லோர் முன்னாலும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் நான் நகர்ந்தேன்.

மேசைக்கு வந்து அண்ணியின் ஃபைலைத் திறந்தேன். ‘பதவி’. ஆறு எழுத்துக் கட்டங்களில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்த வார்த்தை. அதை அழித்தேன். ‘பெயிண்டர்’ என்று அடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா? மூன்று நொடி. ஒவ்வொரு ஜனவரியிலும் என் கைக்கு அந்த மூன்று நொடி இருந்தது. பட்டியலில் இல்லாததை அடித்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லலாம். அதுகூட உண்மையில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. வாய் கிழியப் பேசுகிறவள், எனக்கே தோன்றவில்லை. மெஷின் கார்டை வெளியே தள்ளியது, சூடாக இருந்தது. அண்ணி அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பழக்க தோஷம், லேசாக வளைத்தும் பார்த்தார்.

“நல்ல பிளாஸ்டிக். ஆனா இத வெட்ட மாட்டேன்” என்று கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றே முக்காலுக்கு வெளியே வந்தார். காரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, “கூரை ரெடி சார்” என்றார்.

மணல் முழுக்கப் போயிருந்தது. வட்டம் போகவில்லை. காசளவு இருந்ததை ஒரு கார்டின் பாதி அளவுக்கு அகலப்படுத்தி, விளிம்புகளைத் தேய்த்து இழைத்து, பச்சை, சாம்பல், வெள்ளை என்று ஒவ்வொரு வளையமும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி இறங்கும்படி செய்து, மேலே நிறமில்லாத கிளியர் மட்டும் அடித்திருந்தார். கண்ணாடி போலப் பளபளத்தது. அதற்கு அடியில் முழு முகம், வருஷம், வார்த்தை, ஓர் எழுத்து கலையாமல்.

“என்னம்மா இது? மூடச் சொன்னேனே!”

“பெயிண்டர் நான் சார். இதுக்கு மேல வேற பெயிண்ட் வேண்டாம்.”

முதலாளி வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. விருந்தாளிகள் உள்ளே வந்தார்கள், கை குலுக்கினார்கள். நான் அடித்துவைத்திருந்த வாசகத்தைப் பெட்டியில் ஒட்டினேன்; செய்தவர் என்ற இடத்தில் யார் பெயர் இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார் கம்பெனியின் பெயிண்ட் பிரிவிலிருந்து வந்திருந்த அம்மாள் ஒருவர் பெட்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு கூரைக்கு நேராகக் குனிந்தார்.

“இது யாரு?” என்றார்.

“எங்க பெயிண்டர்ங்க. அதோ நிக்கிறாங்க, அவங்கதான் இதச் செஞ்சது” என்றேன்.

அந்த அம்மாள் அண்ணியைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து படித்தார். “ஆனா இதுல உதவியாளர்னு இருக்கே?”

முதலாளி என்னைப் பார்த்தார். பெரிய பெயிண்டர் சுவரைப் பார்த்தார்.

“அது தப்புங்க” என்றேன். “பதினோரு வருஷமா நான்தான் தப்பா அடிச்சுக் குடுத்தேன்.”

அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, சத்தமாகத்தான் சொன்னேன்.